கடிவாளத்துக்கு முன் தண்ணீர்

சேணமும் கடிவாளமும் இல்லாமல் எனக்குக் குதிரை ஓடத் தெரியும் என்று சொன்னால் திருகோணமலை லிங்கநகரில் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் குதிரையே கிடையாது. நான் உள்துறைமுகத்து மீன்பிடிப் படகுகளுக்கு அவுட்போட் எஞ்சின் திருத்துகிறவன். என் உடுப்பில் எந்த நாளும் மண்ணெண்ணெய் மணக்கும். அப்படிப்பட்டவன் குதிரைக் கதை சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் பிள்ளைகள்கூட, "அப்பா தேசிங்கு ராசா" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

குதிரை ஓடப் பழகியதைவிட அதற்கு முன்னால் என்னிடம் வாங்கப்பட்ட வேலைதான் எனக்குப் பாடமாக அமைந்தது. அந்த வேலையை அப்போது நான் வெறுத்தேன். அதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் ஊர் நெடுந்தீவு. மக்கள் வாழும் யாழ்ப்பாணத் தீவுகளில் ஆகத் தொலைவில் கிடப்பது. சின்ன வயதில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அங்கே போவோம். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவுப் படகான குமுதினியில் வந்த பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா ஊர்ப்பயணம் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. பிறகு வந்த போரில் பாதையும் இல்லாமல் போனது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது; ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. "தம்பியை ஒருக்கா பார்த்திட்டு வா" என்று அம்மா என்னைத்தான் அனுப்பினார். திருகோணமலையிலிருந்து வவுனியா, ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கிச் சோதனை, யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு. குறிகட்டுவான் துறையில் படகேறி ஒரு மணி நேரக் கடல்.

நெடுந்தீவில் இறங்கியவரின் கண்ணில் முதலில் படுவது வேலிகள். பனையோலை வேலியும் கிடுகு வேலியும் பார்த்த கண்ணுக்கு அது வேறு நாடு மாதிரி இருக்கும். முருகைக் கற்களைச் சாந்து ஏதும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வளவுக்கு வளவு மதில் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டி வெளியே போனால் புல்வெளி. அங்கேதான் குதிரைகள்.

இந்தக் குதிரைகள் எப்படி வந்தன என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு இது: போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில் பெருக்கப்பட்டவை. தீவுக்கு டெல்ப்ட் என்று தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை வைத்தவர்களும் ஒல்லாந்தர்தான். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற ஐரிஷ் லெப்டினன்ட் தீவின் நிருவாகத்தைப் பார்த்தார். அவர் காலத்திலும் குதிரை வளர்ப்பு நடந்தது. முருகைக்கல் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய குதிரை லாயம் இன்றும் இருக்கிறது. படைக்கும் சவாரிக்கும் குதிரை தேவைப்பட்ட காலம் முடிந்ததும் அவற்றைத் தேடி யாரும் வரவில்லை. லாயம் பாழடைந்தது. குதிரைகள் கட்டாக்காலியாகிப் புல்வெளியில் தங்களுக்குள் பெருகின. எல்லாம் மட்டக்குதிரைகள், ஆனால் கால் உறுதியானவை.

அம்மாவின் தம்பியான மாமாவிடம் ஒரு பெட்டைக்குதிரை இருந்தது. செம்மண் நிறம். செம்பி என்று கூப்பிடுவார். ஒரு வறட்சியில் தாய் செத்துப்போக, வேலி ஓரமாக நின்ற குட்டியை ஆட்டுப்பால் பருக்கி வளர்த்ததாக மாமி சொன்னார். மாமா அதில் ஏறி வெளிப்பக்கம் மாடு பார்க்கப் போவார். முதுகில் ஒன்றும் இல்லை. வாயிலும் ஒன்றும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைத் தொடையில் போட்டபடி, கதிரையில்கூட அப்படி நிம்மதியாக இருக்க முடியாது என்பதுபோல் இருப்பார். அவர் திரும்பிப் பார்த்த பக்கம் குதிரை திரும்பும். அவர் நிமிர்ந்தால் நிற்கும்.

அதைப் பார்த்தவுடன் எனக்கு ஆசை வந்தது. குதிரைமேல் வந்த அன்பு என்று சொன்னால் பொய். மச்சான்மார் முன்னால் நானும் அப்படிப் போகவேண்டும், ஒரு படம் எடுத்து லிங்கநகரில் காட்டவேண்டும் என்பதுதான் நினைப்பு. கூடவே பயமும் இருந்தது. பயத்தை மறைக்கத்தான் கூடுதலாகத் துள்ளினேன்.

"மாமா, எனக்கும் பழக்குங்கோ" என்றேன்.

"ஏறுறது கடைசி வேலை தம்பி. முதல்ல தண்ணி அள்ளு" என்றார்.

நெடுந்தீவில் தண்ணீர் என்பது லேசான விசயம் அல்ல. முருகைக்கல் நிலம், ஓடும் ஆறு கிடையாது. மாரி மழையில் ஊறி நிலத்தடியில் நிற்கும் நன்னீர் கோடையில் குறைந்துகொண்டே போகும். கூட அள்ளினால் கிணறு உவராகிவிடும். மாமாவின் வளவுக் கிணற்றில் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று அளந்து அள்ளவேண்டும். போதாததற்குத் தூரத்துக் கிணற்றில் போய் எடுத்துவரவேண்டும். வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லீற்றர் வரை குடிக்கும். மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறைவு என்றாலும், வெயில் கூடினால் அதுவும் கூடும். வாளியும் கயிறும் என் உள்ளங்கைத் தோலை உரித்தன. எஞ்சின் திருத்துகிற கைதான், ஆனாலும் எரிந்தது. செம்பி மூக்கைத் தொட்டிக்குள் வைத்து உறிஞ்சும். பாதியில் தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்க்கும். பிறகு மிச்சத்தைக் குடிக்கும். நன்றியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். யார் தண்ணீர் வைக்கிறார்கள் என்று அது கணக்கெடுத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் விளங்கியது.

தண்ணீர் முடிந்தால் குளம்பு. ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் சிக்கியிருக்கும் கல்லைக் கிண்டி எடுக்கவேண்டும். அது முடிந்தால் உண்ணி பிடுங்குவது. காதுக்குள், வாலடியில், தொடையிடுக்கில். பிறகு வைக்கோலைச் சுருட்டி உடம்பு முழுக்கத் தேய்ப்பது. மாமா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி இருந்து பார்ப்பார். வாய் திறக்கமாட்டார். எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. இந்த மனிசன் என்னைச் சம்பளமில்லாத வேலைக்காரனாக வைத்திருக்கிறார் என்று மாமியிடம் முறைப்பாடும் வைத்தேன். மாமி சிரித்துவிட்டு ஒடியல் கூழை ஊற்றித் தந்தார்.

அந்த வேலைகளின் ஊடாகக் குதிரையைப் பற்றி நான் தெரிந்துகொண்டவை கொஞ்சமல்ல. குதிரையின் தோலில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் துடிக்கும். அவ்வளவு நுண்மையான உடம்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிவர ஏறக்குறைய எல்லாம் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருட்டிடம். அங்கிருந்து திடீரென்று போனால் மிரளும், உதைக்கும். அதன் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் கவனம் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். இரை விலங்கு அது; ஆபத்து என்றால் ஓடுவதுதான் அதன் முதல் எண்ணம். இவ்வளவும் தெரியாமல் முதுகில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ஒருநாள் காலை மாமா தலைக்கயிறு ஒன்றை எடுத்துவந்தார். வாய்க்குள் இரும்பு கிடையாது. மூக்கையும் தாடையையும் சுற்றிவரும் வெறும் கயிறு. முதலில் நிலத்தில் நின்றபடி பழக்கம். கயிற்றை மெல்ல ஒரு பக்கம் இழு. குதிரை அந்தப் பக்கம் ஓர் அங்குலம் தலையைச் சாய்த்தாலும் உடனே விட்டுவிடு. விலாவில் விரல் வைத்து அழுத்து. அது ஓரடி விலகினால் கையை எடு. இழுப்பதில் குதிரை ஒன்றும் படிப்பதில்லை. இழுப்பு நின்ற கணத்தில்தான் படிக்கிறது. சரியாகச் செய்தபோது அழுத்தம் போய்விடுகிறது என்று அதற்கு விளங்கவேண்டும். கயிற்றை விடப் பிந்தினால் எதைச் செய்ததற்காக விட்டோம் என்று தெரியாமல் அது குழம்பிவிடும். உலகத்தில் எங்கே குதிரை பழக்கினாலும் அடிப்படை இதுதான். எனக்கு இழுக்க வந்தது, விடத்தான் வரவில்லை. திருகாணி முறுக்கிப் பழகிய கை அது.

பிறகு ஏறினேன். அங்கவடி இல்லை என்பதால் கல்வேலிதான் படி. வேலியோரம் குதிரையை நிறுத்தி, கல்லில் ஏறி, பிடரி மயிரை ஒரு கையால் பற்றி, வலது காலை மெல்ல அந்தப் பக்கம் போடவேண்டும். தொப்பென்று விழுந்து உட்காரக்கூடாது. சேணம் என்பது ஏறுகிறவருடைய சுகத்துக்கு மட்டும் உள்ளதல்ல. அது பாரத்தைக் குதிரையின் முதுகில் பரப்பி முள்ளந்தண்டைக் காக்கிறது. வெறும் முதுகில் நம்முடைய இருக்கை எலும்புகள் இரண்டும் அதன் தசையில் நேராக அழுத்தும். மாமா எடை குறைந்த மனிதர். என்னைக் கொஞ்ச நேரம்தான் இருக்கவிடுவார். முதுகு நொந்தால் அது அடுத்த நாள் கிட்ட வராது என்பார்.

ஏறிய கணமே அந்த உடம்பின் சூடு தொடைக்கு ஏறியது. அது மூச்சு விடுவது தெரிந்தது. அது ஓரடி வைத்ததும் என் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. பயத்தில் இரண்டு முழங்கால்களாலும் இறுக்கிப் பிடித்தேன். ஈரக்கையால் நுங்கைப் பிதுக்கினால் எப்படி வழுக்கித் தெறிக்குமோ அப்படி நான் மேலே தெறித்தேன். கால் இறுக்கம் குதிரைக்கு ஓடு என்ற கட்டளை. செம்பி ஓடத் தொடங்கியது. நான் இன்னும் இறுக்கினேன். அது இன்னும் ஓடியது. வெள்ளை மண்ணில் முகம் படிய விழுந்தேன். மச்சான்மார் சிரித்தார்கள். செம்பி நாலடி போய் நின்று புல் கடித்தது.

"முழங்காலால இறுக்காத. ஓடச் சொல்லுறாய் எண்டு அவள் நினைப்பாள். காலைத் தொங்கவிடு. மூச்சை விடு" என்றார் மாமா.

கிரேக்கரான செனபோன் கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். வெறும் முதுகில் இருப்பவர் கதிரையில் இருப்பதுபோல் இருக்கக்கூடாது, கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பவர்போல் இருக்கவேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் விதி. நெடுந்தீவை விட்டு அதிகம் வெளியே போகாத மாமா அதையேதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த விதியை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஆசிரியர். அதற்கு நாலு கால்.

நடையில் நாலு காலும் தனித்தனியாக நிலத்தில் படும். ஓட்டநடையில் மூலைக்கு மூலை எதிரான கால்கள் சேர்ந்து இரண்டு அடியாக விழும். அதில்தான் குலுக்கம் அதிகம், விழுவதும் அதிகம். மெதுவான பாய்ச்சலில் மூன்று அடி, அது தாலாட்டும். மாமா என்னை நடையிலேயே நெடுநாள் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இப்போது எந்தக் கால் நிலத்தில் படுகிறது என்று சொல்லச் சொல்வார். பிழையாகச் சொன்னால் பேசமாட்டார், இன்னொரு சுற்று. சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகு இடுப்புத் தானாக இளகியது. திரும்பவேண்டிய பக்கத்தைப் பார்த்தால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் இடுப்பு திரும்பும். இடுப்பில் பாரம் மாறியதும் குதிரை திரும்பும். நிற்கவேண்டும் என்றால் மூச்சை முழுதாக விட்டுப் பாரமாக அமர்ந்துவிடவேண்டும். "முதல்ல உடம்பால சொல்லு. கேக்காட்டித்தான் கயிறு" என்பது மாமாவின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு தவறாமல் நடந்தால் கயிறு வரப்போகிறது என்பதைக் குதிரை முன்கூட்டியே அறிந்துகொள்ளும். கயிறு வருவதற்குள் சொன்னதைச் செய்துவிடும். பிறகு கயிறு எதற்கு?

அப்படித்தான் தலைக்கயிறு கழன்றது. கொஞ்சக்காலம் கழுத்தைச் சுற்றி ஒரு வளையக் கயிறு மட்டும். பிறகு ஒருநாள் பின்னேரம் அதையும் மாமா எடுத்துவிட்டார். புல்வெளியில் நான் செம்பியின் முதுகில், கையில் ஒன்றும் இல்லாமல். நடந்தோம், ஓடினோம், நின்றோம். ஒருமுறை அது என் பேச்சைக் கேட்காமல் தொட்டிப் பக்கம் போனது. தாகம். நான் ஒன்றும் செய்யவில்லை. குடித்து முடியும்வரை முதுகிலேயே இருந்தேன். குடித்தபின் திரும்பியது. அந்தப் பின்னேரத்தில் நான் அடைந்த சந்தோசத்தை மறைக்கப்போவதில்லை. படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு வரவேயில்லை.

கடிவாளமில்லாச் சவாரி உலகத்துக்குப் புதிதல்ல. வட ஆபிரிக்காவின் நுமீடியர்கள் சேணமும் கடிவாளமும் இல்லாமல் போருக்குப் போனவர்கள். ஹனிபாலின் படையில் உரோமரைத் திணறடித்த குதிரைவீரர்கள் அவர்கள்தான். உரோமில் இன்றும் நிற்கும் டிரேஜன் தூணின் சிற்பங்களில் அப்பகுதி வீரர்கள் குதிரையின் கழுத்தில் ஒரு வளையத்தோடு மட்டும் பாய்வதைக் காணலாம். நம் காலத்தில், 2006இல், அமெரிக்காவின் ஸ்டேசி வெஸ்ட்ஃபால் என்ற பெண் சேணமும் கடிவாளமும் இல்லாமல் ஒரு பெரிய போட்டியில் ஓடி வென்றார். அந்தக் காட்சி உலகம் சுற்றியது. பார்த்தவர்கள் அதை அன்பின் அற்புதம் என்றார்கள். கடிவாளத்தோடு முதலில் நன்றாகப் பழக்கப்பட்ட குதிரை அது. வெறுமனே கழற்றிவிட்டு ஏறினால் அற்புதம் எதுவும் நடக்காது, எலும்புதான் முறியும்.

நம்முடைய கதைகளில் ஏறுகிறவருக்குத்தான் பெயர். செஞ்சியின் தேசிங்கு ராசா 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருதி மாண்டவர். யாருக்கும் அடங்காத குதிரையை அவர் அடக்கிய கதையைத் தமிழ்நாட்டுப் பாட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். குதிரைக்குக்கூடப் பெயர் நிலைத்தது. அதற்குத் தண்ணீர் காட்டியவர் யார் என்று நாம் கேட்டதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தது இன்னும் உறைக்கும். ஓர்மஸ், ஏடன் போன்ற துறைகளிலிருந்து காயலில் வந்து இறங்கும் குதிரைகளை இங்கத்தைய அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 அளவில் பெரும் விலை கொடுத்து வாங்குவார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோறும் இறைச்சியும் சேர்த்துத் தீனி போடுகிறார்கள் என்று காரணம் சொல்கிறார். எண்ணிக்கையில் வெளிநாட்டாரின் மிகை இருக்கலாம். ஆனால் ஏறுவதில் இருந்த ஆசை பேணுவதில் இருக்கவில்லை என்ற குற்றச்சாட்டைப் படிக்கும்போது, கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டு நின்ற என்னைத்தான் அவர் பார்த்துவிட்டார் என்று தோன்றியது.

கயிறு கழன்ற அந்த இரவு முற்றத்தில் பாய் போட்டு இருந்தோம். வெளிப்பக்கம் கட்டாக்காலிக் குதிரைகள் கனைத்துக்கொண்டு திரிந்தன. ஒரு வறட்சியான கோடை அது. பகலில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடந்ததை நாங்கள் கண்டிருந்தோம். "அதுகளுக்கும் கடிவாளம் இல்லைத்தானே மாமா, அதுகள் சுதந்திரமாத்தானே திரியுதுகள்" என்று நான் ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவன்போலச் சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கடிவாளத்தைக் கழட்டுறது பெரிய வித்தை இல்லைத் தம்பி. வெள்ளைக்காரனும் கழட்டிப்போட்டுத்தான் போனவன். கழட்டினாப் பிறகும் பின்னேரம் நாங்கள் தண்ணியோட வருவம் எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அதுதான் வித்தை."

நான் இந்தப் பயணத்தில் படித்தது அவ்வளவுதான். செம்பிக்கும் அந்தக் குதிரைகளுக்கும் வாயில் இரும்பு இல்லை. செம்பிக்கு இல்லாதது பழக்கி முடித்ததால். மற்றவற்றுக்கு இல்லாதது கைவிடப்பட்டதால். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். கோடையில் கிட்டப்போய்ப் பார்த்தால் விலா எலும்பு வித்தியாசத்தைச் சொல்லும்.

திருகோணமலைக்குத் திரும்பியபின் இதை வேறு இடங்களிலும் காணத் தொடங்கினேன். எங்கள் நகரத்துப் புள்ளிமான்களைப் பார்த்து வெளியூரார் பரவசப்படுவார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடைத்தெருப் பக்கமும் மனிதருக்கு அஞ்சாமல் உலாவும் மான்கள். அவை குப்பைக்குள் தலையை விட்டுப் பொலித்தீன் பையோடு உணவைத் தின்பதையும், அந்தப் பொலித்தீனால் சாவதையும் நாங்கள் அறிவோம். லிங்கநகர் ஒழுங்கைகளில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். சொந்தக்காரரைக் கேட்டால், "அது தன்ரபாட்டில் மேயட்டும்" என்பார். விடியப் பால் கறக்க மட்டும் வருவார். வாகனம் மோதினால் மாடு யாருடையது என்று தெரியாது.

என் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பெடியன்களையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். "நான் அவங்களைத் தங்கள் பாட்டில விட்டிருக்கிறன்" என்று பெருமையாகச் சொல்வேன். உண்மையில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பஞ்சி. நெடுந்தீவுக்குப் பிறகு அதை மாற்றினேன். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றவும் பூட்டவும் பக்கத்தில் நின்று பழக்குவேன். சரியாகச் செய்த கணத்தில் கையை எடுத்துவிடுவேன். எடுத்தபிறகும் மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவர்களில் சிலர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்து நான் திரும்பவும் நெடுந்தீவுக்குப் போனபோது மாமாவும் இல்லை, செம்பியும் இல்லை. குதிரைகள் இருந்தன. 2015இல் தீவின் 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் அவற்றுக்கு இப்போது ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆனால் கோடை வந்தால் நிலத்துத் தண்ணீர் வற்றத்தான் செய்யும்.

வெறும் முதுகில் ஓடப் பழக விரும்பும் இளையவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இது. முதலில் தெரிந்த ஒருவரிடம், தலைக்கவசம் போட்டு, சேணத்தோடு பழகுங்கள். விழத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எடையைக் குதிரையின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவது கொடுமை, மட்டக்குதிரை என்றால் அந்தக் கணக்கில் பெரியவர் பலர் அடிபட்டுப்போவார்கள். வெறும் முதுகில் நெடுநேரம் இருக்காதீர்கள். ஏறுவதற்கு முன் அந்தக் குதிரைக்குத் தண்ணீர் வைக்கிறவரோடு கொஞ்ச நாள் வேலை செய்யுங்கள்.

நெடுந்தீவுக் குதிரைகளில் ஏறிப்பார்க்க மட்டும் நினைக்காதீர்கள். அவை பழகியவை அல்ல. பூங்காவுக்குள் அவற்றைப் பிடிப்பதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். பார்க்கப் போங்கள், எட்ட நின்று படமும் எடுங்கள். ஆனி முதல் புரட்டாதி வரையான வறண்ட மாதங்களில் போனால், வழியில் கண்ட தண்ணீர்த் தொட்டிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் பிரதேச செயலகத்திலோ வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரிடமோ அன்றைக்கே சொல்லிவிட்டுப் படகேறுங்கள்.